இடது பக்கக் கதவு

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு காலை, பத்து மணி இருக்கும், ரங்கூனில் அனவ்ரட்டா தெருவில் டாக்ஸியை விட்டு இறங்குவதற்காகக் கதவைத் திறந்தேன். நான் செய்தது அவ்வளவுதான். ஒரு கையில் குடை, மடியில் கடைக் கணக்குப் பை, வாயில் டிரைவரோடு பாதிப் பேச்சு. கதவு ஒரு முழம் திறந்திருக்கும், ‘டம்’ என்று சத்தம் கேட்டது, கைப்பிடி என் விரல்களைப் பிய்த்துக்கொண்டு போவது மாதிரி இழுத்தது, அடுத்த நொடி ஒரு மூங்கில் தொப்பி நடுரோட்டில் உருண்டு போய்க்கொண்டிருந்தது. தொப்பிக்குப் பின்னாலேயே வெற்றிலை. தார் ரோடு முழுக்க வெற்றிலை, மழை ஈரத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டு பச்சைப் பசேலென்று கிடந்தது.

அறுபதைத் தாண்டிய ஆள். முட்டிவரை மடித்துக் கட்டிய லுங்கி, பித்தானில்லாத சட்டை. சைக்கிளுக்குக் கீழே கால் மாட்டிக்கொண்டு கிடந்தவர், நான் ஒரு காலை வெளியே வைப்பதற்குள் எழுந்துவிட்டார். எழுந்ததும் முதல் காரியமாக என்ன செய்தார் தெரியுமா? முழங்கையைப் பார்த்துக்கொள்ளவில்லை, கூடையைப் பார்க்கவில்லை. டாக்ஸி கதவின் விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தார், பெயிண்ட் போயிருக்கிறதா என்று. சட்டை நுனியால் அதைத் துடைத்தும் விட்டார். அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னார்: “ஸாரி நோ, ஸயா.” மன்னித்துவிடுங்கள் ஐயா என்று. டிரைவரிடமும் ஒரு தடவை. டிரைவர் ஜன்னலுக்குள் இருந்தபடியே ஏதோ திட்டினான், அதற்கும் தலையை ஆட்டினார். முன்சக்கரத்தை இரண்டு முட்டிக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, திருகிப்போயிருந்த ஹேண்டில்பாரை ஒரே உலுக்கில் நேராக்கினார். பொறுக்க முடிந்த வெற்றிலையைப் பொறுக்கினார், நானும் குனிந்து நாலைந்து கொத்து எடுத்துக் கொடுத்தேன். பர்சைத் திறந்து ஐயாயிரம் கியாட்டை உருவுவதற்குள், முனையில் போலீஸ் நிற்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பக்கத்துச் சின்னத் தெருவுக்குள் மறைந்துவிட்டார். எல்லாம் சேர்த்து மூன்று நிமிஷம் இருக்காது.

கதவைப் பார்க்காமல் திறந்தவன் நான். விழுந்தவர் அவர். மன்னிப்புக் கேட்டதும் அவர். இந்தக் கணக்கு எனக்குத் தீரவேயில்லை. முப்பது வருஷமாக இரும்புச் சாமான் கடையில் கணக்கு எழுதுகிறேன், வரவையும் செலவையும் இடம் மாற்றிப் போட்டால் ராத்திரி தூக்கம் வராது எனக்கு. இதுவும் அப்படித்தான் உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கு டிரைவரைக் கேட்டேன், அந்த ஆள் எதற்காக நம்மிடம் ஸாரி சொன்னார் என்று. அவன் என்னை வினோதமாகப் பார்த்தான். “ஊலே, சைக்கிள் இந்த ரோட்டுக்குள்ளேயே வரக் கூடாதே!” ஊலே என்றால் பர்மிய மொழியில் மாமா.

பெரிய தெருவும் சின்னத் தெருவும்

ரங்கூன்காரர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. ஊருக்குள் மோட்டார் சைக்கிளைத் தடுத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சைக்கிளுக்கும், ஆள் ஏற்றுகிற சைக்கிள் ரிக்‌ஷாவான சைக்காவுக்கும் அந்த அளவுக்கு முழுத்தடை இல்லை, பெரிய தெருக்களில் வரக் கூடாது, சின்னத் தெருக்களில் போய்க்கொள்ளலாம். கேட்டால் நியாயமாகத்தான் படும். பெரிய ரோடு பஸ்ஸுக்கும் காருக்கும், சந்துபொந்து சைக்கிளுக்கு, இரண்டு பேரும் முட்டிக்கொள்ள வேண்டாம் என்று. நானும் இத்தனை வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன், நினைத்திருந்தேன் என்பதே அதிகம், யோசித்ததே இல்லை.

ஆனால் நம் ஊரின் வரைபடத்தை ஒரு தடவை மனசுக்குள் விரித்துப் பாருங்கள். 1850-களில் பிரேசர் என்ற இன்ஜினியர் மான்ட்கோமரி டாக்டரோடு சேர்ந்து போட்டுக்கொடுத்த கட்டம் இது. அனவ்ரட்டாவை நம் பெரியவர்கள் இன்னும் பிரேசர் தெரு என்றுதான் சொல்வார்கள், மகாபந்தூலாவை டல்ஹவுசி தெரு என்று. நம்பர் போட்ட சின்னத் தெருக்கள் எல்லாம் தெற்கு வடக்காக, ஆற்றிலிருந்து மேலே ஏறுகின்றன. கிழக்கு மேற்காகப் போகிற தெருக்கள் எத்தனை? ஸ்ட்ராண்ட், மெர்ச்சன்ட், மகாபந்தூலா, அனவ்ரட்டா, போஜோ. அத்தனையும் பெரிய தெரு. அப்படியென்றால் இருபத்தாறாம் தெருவிலிருந்து முப்பத்தாறாம் தெருவுக்கு ஒருவர் சைக்கிளில் போக வேண்டுமென்றால் எப்படிப் போவார்? பறந்துதான் போக வேண்டும். சின்னத் தெருவில் மேலேயும் கீழேயும் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஓட்டலாம், பக்கத்துத் தெருவுக்குப் போக முடியாது. சைக்கிள் என்றால் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகிற சாமான். அதை ஒரே தெருவுக்குள் மேலும் கீழுமாக ஓட்டிக்கொள் என்று சொல்வது குழந்தைக்கு மூன்று சக்கர வண்டி வாங்கிக் கொடுத்து வாசலைத் தாண்டாதே என்கிற மாதிரி.

என் அப்பா ராலே சைக்கிள் வைத்திருந்தார். தாம்வேயிலிருந்து கடைக்கு அதில்தான் வருவார், சோஷலிசக் காலத்தில் தெருவில் கார் என்பதே எண்ணி எடுக்கிற அளவுக்குத்தான் இருக்கும். காளியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போகும்போது என்னை முன்கம்பியில் உட்கார வைத்து, அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, பிரேசர் தெருவின் நடுவிலேயே மிதித்துக்கொண்டு போன ஞாபகம் இருக்கிறது. கம்பி குத்தும், அதற்காக ஒரு துண்டை நாலாக மடித்துச் சுற்றியிருப்பார். அந்தச் சைக்கிள் இன்னும் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது, டயர் இல்லாமல். அதே தெருவில் இப்போது சைக்கிளில் வருகிற ஒரு மனுஷனைத்தான் நான் இடித்துத் தள்ளினேன். அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிக்க வேண்டாம் என்று நினைத்தாலும் யோசனை வந்துவிடுகிறது.

டிரைவர் நடைபாதையோரம், நான் நடுரோட்டில்

இன்னொரு விஷயம், இது வெளியூர்த் தமிழர்களுக்காக. இந்த நாட்டில் 1970 டிசம்பரில் ஒரே நாளில் இடது பக்கப் போக்குவரத்தை வலது பக்கமாக மாற்றினார்கள். ஏன் மாற்றினார்கள் என்பதற்கு ஜோசியக் கதைகள் நிறைய உண்டு, அது இருக்கட்டும். ரோடு மாறியது, வண்டி மாறவில்லை. 2011-க்குப் பிறகு இறக்குமதி தளர்ந்ததும் ஜப்பானிலிருந்து பழைய கார்கள் கப்பல் கப்பலாக வந்தன, அத்தனையும் வலது பக்க ஸ்டீயரிங். பிற்பாடு இடது பக்க ஸ்டீயரிங் வண்டியைத்தான் இறக்கலாம் என்று விதி வந்தது, ஆனால் அதற்குள் ஊர் நிரம்பிவிட்டது.

இதனால் என்ன ஆகிறது? வண்டியை ரோட்டின் வலது ஓரத்தில் நிறுத்தினால் டிரைவர் நடைபாதையோரம் இறங்குகிறார். முன்சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் நேராக நடுரோட்டில் இறங்குகிறான். மற்ற நாடுகளில் கதவைத் திறப்பதற்கு முன் கண்ணாடியில் பின்னால் பார் என்று டிரைவருக்குச் சொல்லிக்கொடுப்பார்கள், அவருக்குத்தான் லைசென்ஸ், அவருக்குத்தான் கண்ணாடி. இங்கே ரோட்டுப் பக்கக் கதவு எந்தப் பரீட்சையும் எழுதாத பயணியின் கையில் இருக்கிறது. கண்ணாடி டிரைவருக்காகத் திருப்பி வைக்கப்பட்டது, எனக்கு அதில் வானம்தான் தெரியும். என் தப்பை நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை. அன்றைக்குத் திரும்பிப் பார்த்திருந்தால் போதும், தெரிந்திருக்கும். டச்சுக்காரர்கள் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள், கதவுக்குப் பக்கத்தில் இருக்கிற கையால் திறக்காமல் தள்ளி இருக்கிற கையால் திறப்பது. இடது கதவென்றால் வலது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து திறக்க வேண்டும். அப்படிச் செய்தால் உடம்பு தானாகத் திரும்பும், உடம்போடு தலையும் திரும்பும், பின்னால் வருகிறவர் கண்ணில் படுவார். காசு செலவில்லாத வேலை. இப்போது நான் அப்படித்தான் திறக்கிறேன், என் மனைவி “கழுத்து சுளுக்கா?” என்று கேட்டுவிட்டு அவள் வழக்கப்படியே திறக்கிறாள்.

டச்சுக்காரர்கள் என்றதும் அங்கே பிறந்ததிலிருந்தே எல்லாரும் சைக்கிளில் போகிறார்கள், அது அவர்கள் ரத்தத்தில் ஊறியது என்று ஒரு பேச்சு உண்டு. என் தங்கை மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், அவன்தான் போனில் திருத்தினான். அங்கேயும் யுத்தத்துக்குப் பிறகு கார் வந்து குவிந்து, 1971-ஆம் வருஷம் மட்டும் மூவாயிரத்துச் சொச்சம் பேர் ரோட்டில் செத்திருக்கிறார்கள், அதில் நானூறுக்கு மேல் குழந்தைகள். ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்றே பெயர் வைத்து தாய் தகப்பன்கள் தெருவில் இறங்கினார்கள், 1973-இல் பெட்ரோல் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது, அதற்கப்புறம்தான் தனிப்பாதைகள் ஒவ்வொன்றாக வந்தன. இப்போது அங்கே சட்டம் எப்படியென்றால், மோட்டார் வண்டியும் சைக்கிளும் மோதினால் பொறுப்பு முதலில் வண்டிக்காரன் தலையில் வந்து விழும். அடிபட்டது பதினாலு வயதுக்குக் குறைந்த பிள்ளையென்றால் அநேகமாக முழு நஷ்டஈடும், பெரியவர் என்றால் அவர் பக்கம் தப்பு இருந்தாலும் குறைந்தது பாதி. அதைக் கேட்டதும் எனக்கு அந்தக் கதவைத் துடைத்த சட்டை நுனிதான் ஞாபகம் வந்தது.

வெள்ளை சைக்கிள், மஞ்சள் சைக்கிள்

மருமகனுக்கு ஒரு யோசனை. ரங்கூனில் வாடகை சைக்கிள் விட்டால் என்ன மாமா, போனில் தட்டினால் பூட்டுத் திறக்கும், சூலேயில் எடுத்து ரயில்வே ஸ்டேஷனில் விடலாம். ஊர் தட்டை, மோட்டார் சைக்கிள் போட்டியும் இல்லை, நாலைந்து கிலோமீட்டருக்குள் எல்லாம் முடிந்துவிடும், இதைவிடத் தோதான ஊர் எங்கே இருக்கிறது என்றான். தப்பில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் பதினைந்து நிமிஷம் நடக்கிற தூரங்கள்தான் நம் ஊரில் எல்லாரையும் டாக்ஸிக்குள் தள்ளுகின்றன. என்னையும் சேர்த்துத்தான். அன்றைக்கு நான் டாக்ஸியில் வந்த தூரம், சொன்னால் வெட்கம், ஒன்றரைக் கிலோமீட்டர்.

ஆனால் இந்த யோசனையில் எனக்கு ஏதோ இடித்தது, எது என்று சொல்லத் தெரியவில்லை. அப்புறம் அவனே சொன்ன ஒரு கதையில் பிடிபட்டது. பொது சைக்கிள் என்கிற யோசனையே 1965-இல் ஆம்ஸ்டர்டாமில் ப்ரோவோ என்ற இளவட்டக் கூட்டம் ஆரம்பித்ததாம். சைக்கிள்களுக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்துப் பூட்டாமல் தெருவில் விட்டார்கள், யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டிவிட்டு விட்ட இடத்தில் விடலாம். போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது, பூட்டாத சைக்கிளைத் தெருவில் விடுவது சட்டப்படி குற்றம் என்று. சைக்கிள் பேரில்தான் குற்றம். உலகத்திலேயே சைக்கிளுக்குப் பேர்போன ஊரிலும் ஆரம்பம் அப்படித்தான் இருந்திருக்கிறது. 2007-இல் பாரிஸில் ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் பூட்டி வைத்து எடுக்கிற ஏற்பாடு பெரிதாக வந்தது. அதற்குப் பத்து வருஷத்துக்குள் ஸ்டேஷனே வேண்டாம், எங்கே வேண்டுமானாலும் விடு என்று சீனாவிலிருந்து ஓஃபோ, மொபைக், சிங்கப்பூரிலிருந்து ஓபைக் என்று கம்பெனிகள் சைக்கிளைத் தெருவில் கொட்டின. ஓபைக் 2018-இல் சிங்கப்பூரில் கடையை மூடிவிட்டுப் போனது, அடுத்த வருஷம் ஓஃபோவுக்கும் அங்கே கதை முடிந்தது. நடைபாதையெல்லாம் கேட்பாரற்ற சைக்கிள், மருமகன் வீட்டுக்குக் கீழேயே ஏழெட்டு கிடந்ததாம்.

அந்தச் சைக்கிள்கள் எங்கே வந்தன என்பதுதான் வேடிக்கை. மைக் தான் துன் வின் என்ற நம் ஊர்த் தொழிலதிபர் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கிடந்ததில் பத்தாயிரத்தை வாங்கி, 2019-இல் இங்கே கொண்டுவந்து, பூட்டைக் கழற்றிவிட்டு, பின்னால் ஒரு சீட் வைத்து, பள்ளிக்கூடத்துக்கு மணிக்கணக்காக நடக்கிற பிள்ளைகளுக்குக் கொடுத்தார். வேண்டாத ஊரிலிருந்து வேண்டிய ஊருக்குப் போனது சைக்கிள், ரொம்ப நல்ல காரியம். ஆனால் பாருங்கள், கண்டெய்னர் வந்து இறங்கியது ரங்கூன் பக்கம், சைக்கிள் போய்ச் சேர்ந்தது கிராமத்து மண்பாதைக்கு. நடுவில் இருக்கிற நம் ஊர்த் தெருவில் அதற்கு ஒரு அடி இடம் கிடையாது. வாடகைக்குக் கொடுத்தாலும் சரி, சும்மாவே கொடுத்தாலும் சரி, எடுத்தவன் எந்த ரோட்டில் ஓட்டுவான்? முதல் தெருமுனையிலேயே குற்றவாளி ஆகிவிடுவான். மருமகனிடம் இதைச் சொன்னேன். “அப்ப முதல்ல ரோடு வேணும்ங்கறீங்க” என்றான். ஆமாம், அதைத்தான் சொல்ல வந்தேன், சொல்ல எனக்கு இத்தனை நாள் ஆனது.

ஸ்பெயினில் செவில் என்ற ஊரில் இரண்டையும் சேர்த்தே செய்திருக்கிறார்கள். கோடையில் நாற்பது டிகிரி சர்வசாதாரணமாகத் தாண்டுகிற ஊர், தட்டையான ஊர், சைக்கிளே ஓடாத ஊர். 2006, 2007-ஐ ஒட்டி ஒரே மூச்சில் சுமார் 80 கிலோமீட்டர் தனிப்பாதை போட்டார்கள், அங்கே ஒரு துண்டு இங்கே ஒரு துண்டு என்று இல்லாமல் ஒன்றோடொன்று கோத்து. வாடகை சைக்கிளும் அதே 2007-இல். ரோட்டோரம் கார் நிறுத்துகிற இடம் ஐயாயிரம் வரைக்கும் அதற்காகப் போனது. நாலைந்து வருஷத்தில் சைக்கிள் ஓட்டம் பல மடங்கு பெருகிவிட்டது. ‘நம்ம ஊர் வெயிலுக்கு யார் சார் சைக்கிள் மிதிப்பான்’ என்று டீக்கடையில் கேட்டவருக்கு நான் செவிலைச் சொன்னேன். அவர் “அங்கே மழை?” என்றார். சரிதான், அதற்கு என்னிடம் பதில் இல்லை. நம் ஊர் ஜூலை மழையை எந்த ஊர்க்காரனும் பார்த்திருக்க மாட்டான். வெற்றிலைக்காரர் அந்த மழையில்தான் மிதித்துக்கொண்டு வந்தார் என்பதை மட்டும் சொன்னேன்.

எட்டு அடி

கடையில் ஐம்பது மீட்டர் டேப் இருக்கிறது, விற்காமல் தங்கிப்போன சரக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமல், கடைப் பையனையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் பக்கத்துப் பெரிய தெருவை அளக்கப் போனேன். இதில் என்ன பிரயோஜனம் என்று கேட்டால் தெரியாது. கணக்கு எழுதுகிறவனுக்கு எண்ணைப் பார்த்தால்தான் மனசு ஆறும்.

நான் படித்துத் தெரிந்துகொண்டது இதுதான். கோடு மட்டும் போட்டால் அது பாதை ஆகாது, அதன் மேல் கார் நிற்கும். தனிப்பாதை என்றால் நடுவில் ஏதாவது கனமாக இருக்க வேண்டும், கல் திண்டோ, பூந்தொட்டியோ, நிறுத்தின காரோ. நிறுத்தின கார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். இப்போது நடைபாதையை ஒட்டி நிற்கிற கார் வரிசையை அப்படியே கொஞ்சம் ரோட்டுப் பக்கம் தள்ளிவிட்டு, நடைபாதைக்கும் காருக்கும் நடுவில் சைக்கிளை விடுவது, ஓடுகிற வண்டிக்கும் சைக்கிளுக்கும் குறுக்கே நிற்கிற காரே மதில் சுவர். ஒரு வழிக்குக் குறைந்தது ஐந்தடி. அதோடு கார்க் கதவு திறக்கிற அளவுக்கு மூன்றடி சும்மா விட வேண்டும், அந்த மூன்றடிதான் என்னைப் போன்றவர்களுக்காக. ஆக எட்டு அடி. பையன் டேப்பின் அந்த முனையைப் பிடித்துக்கொண்டான், நிறுத்தியிருந்த ஒரு காரின் அகலத்தைக் கல்லோரத்து இடைவெளியோடு அளந்தேன், ஏழரை அடி. “மாமா, ஒரு வரிசை காரை எடுத்தா போதும்” என்றான் பையன். இரண்டு பக்கமும் இரண்டு வரிசை நிற்கிறது, ஒன்றை எடுத்தால், அரை அடி குறைந்தாலும், பாதை வந்துவிடுகிறது. முனைகளில்தான் சிக்கல், வண்டி வலது பக்கம் திரும்பும்போது நேராகப் போகிற சைக்கிளை வெட்டும். பெரிய அடி விழுவது அங்கேதான், அதற்கு சிக்னலில் சைக்கிளை நாலு விநாடி முன்னாலே விடுவது, காரைக் கொஞ்சம் பின்னாலேயே நிறுத்துவது என்று வழிகள் இருக்கின்றன. போலீஸ்காரர் கையால் சிக்னல் மாற்றுகிற ஊரில் அது எப்படி நடக்கும் என்று யோசித்துக்கொண்டே டேப்பைச் சுருட்டினேன்.

அப்போதுதான் கவனித்தேன். எங்களுக்குப் பின்னால் நடைபாதையில் ஒரு பரபரப்பு. மீன் குழம்பு நூடுல்ஸான மொஹிங்கா விற்கிற அம்மா அடுப்பைத் தூக்கி உள்ளே வைக்கிறார், காய்கறிக் கூடைகள் சந்துக்குள் போகின்றன, பிளாஸ்டிக் முக்காலிகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. யாரும் எதுவும் பேசவில்லை. வெற்றிலைப் பாக்குக் கடைப் பெண் மட்டும், முப்பது வயதிருக்கும், சின்ன மேஜைக்குப் பின்னால் இருந்து எழுந்து வந்து மெதுவாகக் கேட்டாள், “ஊலே, மறுபடியும் எங்களை எடுக்கப் போறாங்களா?”

டேப் பிடித்த இரண்டு பேரைப் பார்த்து முனிசிபாலிட்டி ஆட்கள் என்று நினைத்திருக்கிறார்கள். 2016 கடைசியில் மகாபந்தூலா, அனவ்ரட்டாவில் கடை போட்டவர்களை எல்லாம் ஸ்ட்ராண்ட் ரோடு இரவுச் சந்தைக்கு அனுப்பியது ஞாபகம் இருக்குமே. அங்கே வியாபாரம் இல்லை, ஒவ்வொருவராகத் திரும்பி வந்துவிட்டார்கள். அவளும் வந்தவள்தான். இல்லையம்மா, நான் இரும்புக்கடைக் கணக்கப்பிள்ளை, சைக்கிளுக்குப் பாதை வருமா என்று சும்மா அளக்கிறேன் என்றேன். அவளுக்குப் புரியவில்லை, புரிந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டாள். வெறும் டேப்பை வைத்துக்கொண்டு இருபது பேர் வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டு நின்றேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதுதான். எட்டு அடியை யாரிடமிருந்து எடுப்பது? கணக்குப்படி காரிடமிருந்து. நடைமுறையில் எப்போதும் யாரிடமிருந்து எடுக்கிறார்கள்? கார்க்காரன் போன் போடுவான், மொஹிங்காக்காரி முக்காலியை மடிப்பாள். நாளைக்கே யாராவது பெரிய மனசு பண்ணிப் பாதை போட்டாலும் முதல் வேலையாக நடைபாதையைச் சுத்தம் பண்ணுகிறேன் பேர்வழி என்று இவர்களைத்தான் எடுப்பார்கள், கார் வரிசை அப்படியே இருக்கும். அப்படி வருகிற பாதை எனக்கு வேண்டாம் என்று சொல்வதா, எப்படியாவது வந்தால் போதும் என்று சொல்வதா? கரண்ட் போனால் கடைக்காரர்கள் நடைபாதையில் வைத்து ஓட்டுகிற ஜெனரேட்டரையும் சேர்த்தால் நடக்கிறவனுக்கே இடமில்லை, அவனும் ரோட்டில்தான் நடக்கிறான். அகலமான பாதை ஒன்று வந்தால் ஆறு மாதத்தில் அதில் பாதி கடையாக இருக்கும், மீதியில் நடக்கிறவர்கள் இருப்பார்கள். என்னைக் கேட்டால் அதிலும் குறைச்சல் ஒன்றும் இல்லை, கூட்டத்துக்கு நடுவில் சைக்கிள் மெதுவாகப் போகும், மெதுவாகப் போனால் யாரும் சாக மாட்டார்கள். மேயர் ஆபீஸில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

சிவப்பு விளக்கு

அதற்கப்புறம் அந்த வெற்றிலைப் பாக்குக் கடைப் பெண்ணிடம் அடிக்கடி நின்று பேசுவேன், ஒரு குற்ற உணர்ச்சிதான். ஒரு நாள் கேட்டேன், இந்த வெற்றிலை எங்கிருந்து வருகிறது என்று. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற டாலாவிலிருந்து ஆட்கள் கொண்டுவருவார்கள் என்றாள். பன்சோடான் துறையில் போய்ப் பாருங்கள், காலை படகில் மனுஷனும் கோழியும் சைக்கிளும் ஒன்றாக வந்து இறங்கும். எல்லாரும் துறை வாசலில் கொஞ்சம் நின்று, இடது வலது பார்த்துவிட்டு, ஏதோ திருடப் போகிறவர்கள் மாதிரி ஊருக்குள் நுழைவார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளே ஓடுகிறது, இந்தப் பக்கம் மிதிவண்டிக்கே பயம்.

மூங்கில் தொப்பி போட்ட ஒரு தாத்தா, அறுபது அறுபத்தைந்து வயது, அனவ்ரட்டாவில் டாக்ஸிக் கதவில் அடிபட்டார், தெரியுமா என்றேன். தொப்பி எல்லாரும்தான் போடுகிறார்கள், கதவில் எல்லாரும்தான் அடிபடுகிறார்கள் என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு தாத்தா முன்பெல்லாம் பத்து மணிக்கு வருவார், மழைக்காலத்தில் எங்கோ விழுந்துவிட்டேன் என்று முழங்கையில் கட்டோடு வந்தார், அதிலிருந்து நேரத்தை மாற்றிக்கொண்டார் என்றாள். இப்போது இக்கரையிலேயே சொந்தக்காரர் வீட்டில் படுத்துக்கொண்டு நாலரைக்கெல்லாம் வந்து வெற்றிலையைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாராம். அந்த நேரத்தில் போலீஸ் இருக்காது, டாக்ஸியும் குறைவு. இருட்டு. தெருவிளக்கு இருக்கிற நாளில் இருக்கும், இல்லாத நாளில் இல்லை.

அவர்தானா இவர், எனக்குத் தெரியாது. தெயிஞ்சி சந்தையில் சைக்கிளுக்குப் பின்னால் மாட்டுகிற சின்ன சிவப்பு விளக்கு ஒன்று வாங்கினேன், பேட்டரி போட்டது, விட்டுவிட்டு மின்னுவது. அதைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்து, அந்தத் தாத்தா வந்தால் கொடுத்துவிடு, இருட்டில் பின்னால் வருகிற வண்டிக்குத் தெரியும் என்றேன். அவள் விளக்கை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். சுண்ணாம்பு தடவிய விரலால் பொத்தானை அழுத்தினாள், மின்னியது.

“ஊலே, இது எரிஞ்சா போலீஸுக்கும் தெரியுமே.”

போன வாரம் சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு வரும்போது அந்தப் பக்கம் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் போட வசதியில்லாதவர்கள் மெழுகுவத்தி வைத்திருந்தார்கள். வெற்றிலைப் பாக்குக் கடையின் குடைக்கம்பியில் அந்த சிவப்பு விளக்கு தொங்கி மின்னிக்கொண்டிருந்தது, அவள் அந்த வெளிச்சத்தில் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். தாத்தா வேண்டாம் என்றுவிட்டாராம்.